நாலு மணிக் காப்பிக்குப் பிறகு தண்ணீர் இல்லை

கொடைக்கானலில் மழைக்காலத்தில் ஒரு கம்பளியைத் துவைத்துப் போட்டால் அது எப்போது காயும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை துவைத்ததை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து தொட்டாலும் சில்லென்றுதான் இருக்கும். மூடுபனி சன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சமையலறை அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டால் காய்வதற்குள் புகைவாடை ஏறிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகிற அசிங்கம் முழுவதும் ஈரக் கம்பளியிலிருந்துதான் தொடங்கியது.

முதியோர் இல்லங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்கள் என் அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். பெருமையான அனுபவங்களும் கைவசம் இருக்கின்றன. அவற்றைச் சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள், நான் ஒரு சால்வையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் காது சுடுகிற ஒன்றைச் சொல்கிறேன். இரக்கப்பட்டு நடுவில் சமாதானம் சொல்ல வராதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

நான் அய்யம்பாளையத்துக்காரி. மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனேன். மிஷன் பணிகளில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கான இல்லம் அது. கல்யாணம் செய்துகொள்ளாத டீச்சர்கள், ஊர் ஊராக நடந்து பிரசங்கித்துத் தேய்ந்த உபதேசியார்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்துவிட்டுத் தமக்கென்று யாரும் இல்லாமல் நின்ற ஆயாக்கள். இல்லத்தை நடத்திய அம்மாளை நாங்கள் சூப்பிரண்ட் அம்மா என்போம். நோயாளிகளையும் படுக்கைகளையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எனக்குக் கீழே வில்பட்டியிலிருந்து தினமும் நடந்து வரும் சரசு என்ற பெண்ணும் இன்னும் சிலரும் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஓர் இல்லம் நல்ல இல்லமா என்று எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? மூக்கால். விருந்தாளிகள் வாசற்படியில் ஒரு நொடி நின்று மூச்சை இழுப்பார்கள். மூத்திர வாடை வந்தால் முகம் சுருங்கும். வரவில்லையென்றால் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் இல்லத்தில் வாடை இருந்தது. வயதானவர்கள் படுக்கையை நனைப்பார்கள், நனைந்த கம்பளி காயாது, காயாததையே மறுபடியும் போர்த்த வேண்டிவரும். குளிரில் ஈரக் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த கொடுமை நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது. கெட்ட எண்ணத்தில் தொடங்கியிருந்தால் யாராவது முன்பே தடுத்திருப்பார்கள்.

வழியைக் காட்டியவர் ஞானப்பூ அம்மா.

ஞானப்பூ அம்மா ஒரு போர்டிங் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் விடுதிக்கு ஆயாவாக இருந்தவர். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் படுக்க வைத்த கை. எங்களிடம் வந்து சேர்ந்தபோதும் அந்தக் கைக்கு நல்ல வலு இருந்தது. ஒருநாள் நானும் சரசும் கம்பளிகளை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் சிரித்தார்.

"எங்க போர்டிங்ல அத்தன பிள்ளைக கெடந்துச்சு, ஒரு மெத்த நனையாது சிஸ்டரம்மா. சாயங்காலம் வெளையாண்டுட்டு வந்ததும் ஆளுக்கு ஒரு வாய் காப்பி. அம்புட்டுத்தேன். அதுக்கப்புறம் விடியுற மட்டும் பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. எம் பேச்ச மீறி ஒருத்தி கொழாய்கிட்ட போயிருவாளா?"

எனக்குப் பளிச்சென்று பட்டது. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது எதற்காகக் கம்பளியோடு மல்லுக்கட்டுகிறோம் என்று நினைத்தேன். அடுத்த வாரமே விதி வந்தது. நாலு மணிக் காப்பிக்குப் பிறகு யாருக்கும் தண்ணீர் இல்லை. கட்டில் பக்கத்துக் கூஜாக்களை எல்லாம் எடுத்து அலமாரியில் பூட்டினோம். ராத்திரி மாத்திரைக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான். மழைக்காலக் குளிரில் யாருக்குத் தாகம் எடுக்கப்போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

படுக்கைகள் உலர்ந்தன. வாடை போயிற்று. விருந்தாளிகள் வாசலில் மூச்சை இழுத்துவிட்டுச் சிரித்தார்கள். சூப்பிரண்ட் அம்மா எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையில் இருந்த இன்னொரு இல்லத்திலிருந்து நர்சுகள் வந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, கைகட்டி நின்று கேட்ட அவர்களுக்கு நான் வகுப்பே எடுத்தேன். எப்படிச் செய்கிறோம் என்று சூப்பிரண்ட் அம்மா மட்டும் ஒருமுறை கேட்டார். சாயங்காலத்தில் காப்பியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று மேலோட்டமாகச் சொல்லி வைத்தேன். கூஜாவைப் பூட்டியதைச் சொல்லவில்லை.

அந்தப் பெரியவர்கள் ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வாழ்நாள் முழுவதும் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் ஜெபித்து, கொடுத்ததைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அவர்கள். கேட்பது பேராசை என்று தாங்களே பிரசங்கித்தவர்கள். அதோடு, தொந்தரவு கொடுத்தால் மலையை விட்டுக் கீழே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். உபதேசியார் ஒருவர் ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் வாய் கொப்பளிக்கப் போனால் வெகுநேரம் திரும்பமாட்டார். பல் ஒன்றுகூட இல்லாத மனுஷன் இவ்வளவு நேரம் என்ன கொப்பளிக்கிறார் என்று நாங்கள் கேலி பேசிச் சிரித்தோம்.

எல்லாப் படுக்கையும் உலர்ந்த பிறகு ஒரே ஒரு படுக்கை மட்டும் நனையத் தொடங்கியது. அது ஞானப்பூ அம்மாவுடையது.

முதலில் காலையில் நனைந்திருந்தது. பிறகு மத்தியானத் தூக்கத்திலும் நனைந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. வழி சொல்லிக் கொடுத்தவரே என் பேரைக் கெடுக்கிறாரே என்று. அவருக்கு மட்டும் நாலு மணிக் காப்பியைப் பாதியாக்கினேன். அப்படியும் நனைந்தது. மத்தியானச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்தினேன். இன்னும் அதிகமாக நனைந்தது. சரசு துணியை உருவி நேரே ஃபீனைல் வாளிக்குள் போட்டுவிடுவாள். நான் வாளியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பொறுப்பில் இருக்கிறவள் வாளியைப் பார்க்க வேண்டுமா என்ன?

ஒருநாள் அவருடைய கடைவாயில் செம்மண் நிறத்தில் ஒரு கறை இருந்தது. வெற்றிலை என்று நினைத்தேன். இல்லத்தில் வெற்றிலை கூடாது.

"யாரு குடுத்தது?" என்று சரசைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தியமா நான் குடுக்கலைங்க சிஸ்டர்."

"பின்ன கறை வானத்துல இருந்து எறங்குச்சாக்கும்."

சரசு அழுதாள். ஞானப்பூ அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவருடைய பேச்சு குழம்ப ஆரம்பித்தது. பகலில் எழுந்து, "பிள்ளைகளா, மணி அடிச்சிருச்சு, எந்திரிங்க" என்று காலிக் கட்டில்களைத் தட்டுவார். போர்வையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். என்னைப் பார்த்து வேறு யாரோ ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியின் பேரைச் சொல்லிக் கும்பிடுவார். நாக்கு வறண்டு கோடு கோடாக இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வயதானால் இப்படித்தான் என்று முடிவு செய்தேன்.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெப அறையின் மேசை மேல் கண்ணாடிச் சாடியில் லில்லிப் பூ வைத்திருந்தோம். வெளியூர் விருந்தாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஞானப்பூ அம்மா எழுந்து போனார், பூவை எடுத்து மேசையில் போட்டார், சாடியைத் தூக்கி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பழைய பூத்தண்ணீர், பாசி நாற்றம். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. பாட்டு நின்றது. நான் ஓடிப்போய்ச் சாடியைப் பிடுங்கினேன். எனக்கு அந்த நிமிடத்தில் வந்தது வெட்கம்தான். ஆனால் தவறான வெட்கம். விருந்தாளிகள் முன்னால் என் இல்லத்துக்கு இப்படி ஆகிவிட்டதே என்று.

ஒரு கிழவி பூச்சாடித் தண்ணீரைக் குடித்தால் அவளுக்குத் தாகம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். படித்த எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் வந்தார். கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், அவசரத்தில் இருந்தார். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களில் காய்ச்சல், அங்கே போக வேண்டும். என்னிடம் நேராகவே கேட்டார்.

"சாப்பாடு, தண்ணி எல்லாம் சரியா எறங்குதா சிஸ்டர்?"

"எல்லாம் ஒழுங்காப் போகுது டாக்டர்."

இந்த ஒரு பதிலை நினைத்து நான் அழுத அழுகை கொஞ்சமல்ல. அதைச் சொல்லும்போது பொய் சொல்கிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒழுங்கு என்ற சொல் அப்போது எனக்கு அப்படித்தான் அர்த்தமாகியிருந்தது. டாக்டர் முதுமையில் வந்த மூளைக்கோளாறு என்று முடிவு செய்தார். எங்கள் இல்லத்தில் வைத்திருக்க முடியாது, கீழே அனுப்ப வேண்டும் என்றார்.

கீழே என்றால் சமவெளியில் புத்தி கெட்டவர்களை வைத்திருக்கும் ஓர் இடம். எங்கள் இல்லத்திலிருந்து கீழே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை. பெரியவர்களுக்கு அது தெரியும். அன்றிலிருந்து யாரும் ஞானப்பூ அம்மாவின் கட்டில் பக்கம் நின்று பேசவில்லை.

அழைத்துப்போக அவருடைய தங்கை மகன் வத்தலக்குண்டிலிருந்து வந்தார். வாழைமண்டியில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷன். ஒரு எஸ்டேட் ஜீப்பை ஏற்பாடு செய்திருந்தோம். மத்தியானத் தூக்க நேரம். வாசலில் டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"பனி எறங்கிக் கெடக்குங்க. வெரசா வரச் சொல்லுங்க. இருட்டுறதுக்குள்ள வளைவெல்லாம் தாண்டணும்."

சரசை டிரங்குப் பெட்டி எடுத்துவர அனுப்பிவிட்டு, புடவை மாற்றிவிட நானே ஞானப்பூ அம்மாவிடம் போனேன். வழக்கமாக அது சரசின் வேலை. அன்றைக்கு அவசரம். அவரை எழுப்பி உட்கார வைத்தேன். படுக்கை நனைந்திருந்தது. இதோ கடைசி நாளும் நனைத்துவிட்டாள் என்று மனதுக்குள் திட்டினேன்.

எங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் கால் சூட்டுக்கு வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை ஒன்று உண்டு. மத்தியானம் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை கம்பளிக்குள் வைத்துவிடுவோம். பை இல்லத்தின் சொத்து. கூடவே போய்விடக் கூடாதே என்று அதை எடுக்கக் கம்பளிக்குள் கையை விட்டேன். பை கால்மாட்டில் இல்லை. தலையணைக்கு அடியில் இருந்தது. வெறும் தோலாகக் கிடந்தது. திருகு மூடி கழன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் விரல் நனைந்திருந்தது. எதற்கென்று தெரியாமல் அதை மூக்கில் வைத்தேன். மூத்திர வாடை இல்லை. ரப்பர் வாடை.

படுக்கையில் குனிந்து முகர்ந்தேன். ரப்பர் வாடை. அவருடைய வாயருகே முகர்ந்தேன். ரப்பர் வாடை. கடைவாயில் அந்தச் செம்மண் கறை. பழைய சிவப்பு ரப்பர் உதிர்ந்து ஒட்டிய கறை. வெற்றிலை இல்லை. அந்த வலுவான கை மூடியைத் திருகித் திறந்து, கால் சூட்டுக்கு வைத்த தண்ணீரை, ஆறிப்போன பிறகு குடித்திருக்கிறது. நடுங்கிக்கொண்டே குடித்ததில் பாதி படுக்கையில் கொட்டியிருக்கிறது. நான் தண்ணீரைக் குறைக்கக் குறைக்க அவர் அதிகம் குடித்திருக்கிறார். அதிகம் கொட்டியிருக்கிறது. நான் இன்னும் குறைத்திருக்கிறேன்.

அந்த அம்மாள் ஒருநாளும் படுக்கையில் மூத்திரம் போகவே இல்லை.

மறுபடியும் ஆரன் கேட்டது. தங்கை மகன் கதவுக்கு வெளியே நின்று, "கெளம்பலாமாங்க?" என்றார். என் கையில் ரப்பர் பை. அங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் ஒரு மனுஷி எப்படி முடிவெடுக்கிறாள் என்பதை. உண்மை முழுவதும் தெரிந்துவிட்டது. இந்தப் பயணத்தை நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நான் பையைத் தலையணைக்கு அடியிலேயே திரும்பச் செருகினேன். வெளியே வந்தேன்.

"காய்ச்சல் அடிக்குதுங்க. இந்தக் குளிர்ல கொண்டுபோக முடியாது. பெறகு பாத்துக்கலாம்" என்றேன்.

பயணத்தை நிறுத்தினேன் அல்லவா, அதுவே பெரிது என்று யாராவது நினைத்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். நான் அவரையும் காப்பாற்றி என்னையும் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். கமுக்கமாகத் தண்ணீர் கொடுத்துத் தேற்றிவிட்டால், எல்லாம் ஆண்டவர் கிருபை என்று சொல்லிவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திட்டம்.

சத்தம் கேட்டு சூப்பிரண்ட் அம்மா வந்தார். காய்ச்சல் என்றதும் தன் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே போனார். திரும்பி வந்தவர் தங்கை மகனிடம், "ஆமாம், இன்றைக்கு வேண்டாம். உங்களுக்கு அலைச்சல், மன்னிச்சுக்கோங்க" என்றார். ஜீப் போனது. பிறகு என்னை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். தெர்மாமீட்டரை என் முன்னால் நீட்டினார்.

"யாருக்குக் காய்ச்சல், எஸ்தர்?"

நான் தலையணைக்கு அடியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தேன். சொன்னேன். அலமாரிச் சாவியையும் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. தொங்கிய மூடியைத் தானே எடுத்துப் பையில் திருகி மூடினார். அவருக்கும் அதில் பங்கு உண்டு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எப்படி என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேட்காமல் விட்டவர் அவர்.

"முதல்ல தண்ணி குடு. கரண்டி கரண்டியா. ஒரேயடியா வேண்டாம். அதுக்கப்புறம் கூஜா எல்லாத்தையும் நீயே எடுத்து வை. ஒவ்வொரு கட்டில்லயும் நின்னு, ஏன் எடுத்தேன், ஏன் திரும்ப வைக்கிறேன்னு சொல்லு. காய்ச்சல்னு என்கிட்டச் சொன்ன மாதிரி இல்லாம சொல்லு."

சொன்னேன். கட்டில் கட்டிலாக நின்று சொன்னேன். சில பேர், "பரவாயில்லம்மா" என்றார்கள். அது அடியைவிட வலித்தது. வாய் கொப்பளிக்கப் போகிற அந்த உபதேசியார் மட்டும் கூஜாவை வாங்கி, டம்ளரில்கூட ஊற்றாமல், அப்படியே தூக்கிக் குடித்தார். அவருடைய குரல்வளை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியாகச் சரசிடம் போய், வெற்றிலை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு அந்த உரிமை இருந்தது.

முதுமையில் கெட்டுவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டிய புத்தி, தண்ணீர் உள்ளே போகப் போகத் திரும்பி வந்தது. வாரம் முடிவதற்குள் ஞானப்பூ அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். தான் எங்கே இருக்கிறோம், என்ன கிழமை என்று தெளிவாகச் சொன்னார். டாக்டர் வந்து ஆச்சரியப்பட்டார். அவரிடமும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நன்றாகத் தெளிந்த பிறகு ஒருநாள் வெயில் வந்தது. அவரை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "என்கிட்ட ஏன் கேக்கலை நீங்க?" என்றேன். கேட்ட பிறகுதான் பழியை அவர் மேலேயே போடுகிறேன் என்று உறைத்தது.

"எப்பிடிக் கேப்பேன் சிஸ்டரம்மா? நாந்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"போர்டிங்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு. சிங்கப்பல்லு. அதுக்குத் தண்ணி இல்லாட்டி முடியாது. ஒருநா சாயங்காலம் பூச்செடிக்கு ஊத்துற வாளியில வாய வச்சுக் குடிச்சிருச்சு. பாத்துட்டேன். புளியங்குச்சிய எடுத்து ரெண்டு காலுலயும் போட்டேன். அது அழுகவே இல்ல. என்னயப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. அப்ப வெளங்கலம்மா. அந்தப் பையில வாய வச்சப்பத்தேன் வெளங்குச்சு. அது எந்த ஊர்ல இருக்கோ. ஒரு வார்த்த சொல்லணும்னு கெடக்கு. யாருகிட்டப் போயிச் சொல்ல?"

அவருக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. எனக்கு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலைத் தொட்டேன். "ஏங்கம்மா இதெல்லாம்" என்று காலை இழுத்துக்கொண்டார்.

நான் வகுப்பெடுத்த அந்த இன்னொரு இல்லத்துக்கும் சூப்பிரண்ட் அம்மா என்னை அனுப்பினார். நான் கற்றுக்கொடுத்தது தவறு என்று போய்ச் சொன்னேன். அங்கே இருந்த மூத்த நர்ஸ் மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டாள். கடைசியில், "எங்களுக்கு நல்லாத்தானே போகுது சிஸ்டர். இந்த மழையில கம்பளியை யாரு தொவைக்கிறது?" என்றாள். திரும்பி நடந்து வரும்போது அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பாதி வழியில்தான் அது என்னுடைய குரல் என்று புரிந்தது. திரும்பவும் போனேன். திரும்பத் திரும்பப் போனேன். அவள் மாற்றிக்கொண்டாள் என்றுதான் சொன்னாள். நான் போகாத நாட்களில் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

எங்கள் இல்லத்தில் மறுபடியும் வாடை வந்தது. கம்பளி காயவைப்பதற்கென்று பின்பக்கத்தில் ஒரு தனி அறை கட்டி, அதில் கணப்பு போட்டோம். ராத்திரியில் பெரியவர்களை எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் வைத்தோம். விருந்தாளிகளில் சிலர் வாசலில் முகத்தைச் சுருக்கினார்கள். சுருக்கட்டும் என்று விட்டோம். பிள்ளைகளே, ஒரு பழக்கத்தால் உங்கள் வேலை திடீரென்று சுலபமானால் சந்தோஷப்படுங்கள், ஆனால் உடனே போய்க் கட்டிலில் கிடக்கிறவருக்கும் சுலபமாகிவிட்டதா என்று பாருங்கள். வாளியையும் நீங்களே போய்ப் பாருங்கள். இதற்கு மேல் எனக்கு உபதேசம் தெரியாது.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் மிச்சம் ஒன்று இருக்கிறது.

ஞானப்பூ அம்மா அதற்குப் பிறகு பல மழைக்காலங்கள் இருந்தார். அவருடைய கட்டில் பக்கத்தில் எப்போதும் நிறைந்த கூஜாவும் டம்ளரும் இருக்கும். அதை நானே நிரப்பி வைப்பேன். அவர் டம்ளரில் ஊற்றுவார். ஊற்றிவிட்டு உடனே குடிக்க மாட்டார். யாராவது அந்தப் பக்கம் வரும்வரை கையில் வைத்திருப்பார். வந்ததும் முகத்தைப் பார்த்து, "குடிச்சுக்கவாம்மா?" என்பார். கேட்க வேண்டியதில்லை என்று நான் சொல்லாத நாள் இல்லை. கோபப்பட்டும் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். "சரிங்கம்மா" என்பார். மறுபடியும் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் வர நேரமானால் டம்ளர் அப்படியே இருக்கும். அதனால் அந்த வழியாக அடிக்கடி நடக்கப் பழகிக்கொண்டேன்.

ஒருமுறை இல்லத்தைப் பார்வையிட வெளியூரிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். சூப்பிரண்ட் அம்மா அழைத்து வந்தார், நான் கூட நடந்தேன். ஞானப்பூ அம்மா டம்ளரைக் கையில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "குடிச்சுக்கவாம்மா?" என்றார்.

வந்திருந்த அம்மாள் ஒருவர் மனம் நெகிழ்ந்துபோனார். "இந்த வயசிலும் என்ன பணிவு பாருங்க! நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க சிஸ்டர்" என்றார்.

சூப்பிரண்ட் அம்மா என்னைப் பார்த்தார். அன்றைக்குக் காய்ச்சல் என்று சொன்னதுபோல இன்றைக்கும் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். இந்த முறையும் எளிதான ஒரு பதில் இருந்தது. ஒரு புன்னகை போதும்.

"பணிவு இல்லீங்க அது. நான் தண்ணி குடுக்காம வச்சதுல வந்த பயம். இன்னும் போகலை" என்றேன்.

அந்த அம்மாள் கைப்பையைச் சரிசெய்துகொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். மற்றவர்களும் அவர் பின்னால் நகர்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

ஞானப்பூ அம்மா நாங்கள் பேசியது எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. டம்ளர் இன்னும் கையிலேயே இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிங்கம்மா" என்றேன்.

அதற்கப்புறம்தான் குடித்தார்.